தசையும் ஒரு சேமிப்பே: நடுவயது மகளிரும் கிரியேட்டினும்

பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுத்தனர் பாட்டியல் நூலார். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என அமையும் அவ்வரிசை பொதுவாக நாற்பதாம் அகவையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பாலுள்ள பருவத்திற்கு அவர்கள் பெயரிடவில்லை. இன்றோ நாற்பதைக் கடந்த பெண் மேலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்வது இயல்பாகிவிட்டது. அந்த ஆண்டுகளுக்காக நாம் வருங்கால வைப்பு நிதி, நிரந்தர வைப்புத்தொகை, மருத்துவக் காப்பீடு எனத் திட்டமிடுகிறோம். ஆனால் அதே ஆண்டுகளில் மாடிப்படி ஏறவும், தரையில் அமர்ந்து எழவும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கவும் வேண்டிய உடல் வலிமையைப் பற்றி அரிதாகவே எண்ணுகிறோம்.

அண்மைக் காலமாக அந்த எண்ணம் மாறி வருகிறது. பெங்களூருவின் ஜெயநகர், இந்திராநகர், மல்லேசுவரம் போன்ற பகுதிகளில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் நடுவயது மகளிரைக் காண்பது இப்போது புதுமையன்று. அவர்களிடம் பயிற்சியாளர்களும் தோழியரும் பரிந்துரைக்கும் பொருள்களுள் ஒன்று கிரியேட்டின் என்னும் வெண்ணிறப் பொடி. ஒரு காலத்தில் விளையாட்டு வீரர்களுக்கும் கட்டுடல் நாடும் இளைஞர்களுக்கும் மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட பொருள் இது. இது நமக்குத் தேவையா, தீங்கற்றதா, இதற்குச் செலவிடும் பணத்திற்குப் பயன் உண்டா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தசைக் கணக்கில் தேய்மானம்

கணக்கியலில் ஒவ்வொரு சொத்துக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவோம். உடலின் தசைக்கும் அது உண்டு. முப்பது வயதிற்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. அறுபதிற்குப் பின் இவ்விழப்பு விரைவுபெறுகிறது. மாதவிடாய் நிறைவின்போது ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், மகளிருக்குத் தசையும் எலும்பும் ஒருசேர வலுவிழக்கின்றன. மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51 ஆக இருக்க, இந்தியப் பெண்களுக்கு அது ஏறத்தாழ 46, 47 வயதிலேயே நிகழ்கிறது. நம் மகளிர் இந்தத் தேய்மானத்தைச் சில ஆண்டுகள் முன்னதாகவே எதிர்கொள்கின்றனர்.

முதுமையில் நேரும் தசை இழப்பிற்கு 'சார்கோபீனியா' என்று 1989இல் பெயரிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க். இதனைக் கண்டறிய ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோல்களுள் ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உறுதியான நாற்காலி ஒன்றில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, கைகளை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர வேண்டும். இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகுமானால், கால் தசைகளின் வலிமையைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது நல்லது. மூட்டுவலியோ தலைச்சுற்றலோ உள்ளவர்கள் இதனைத் தனியே செய்து பார்க்க வேண்டாம்.

கிரியேட்டின் என்பது யாது?

கிரியேட்டின் ஸ்டீராய்டு அன்று, ஹார்மோனும் அன்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலிலும் அது இல்லை. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரேல் இறைச்சிச் சாற்றிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதன் பெயர் பிறந்தது. ஆர்ஜினைன், கிளைசின், மெத்தியோனின் என்னும் மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டு நம் சிறுநீரகமும் கல்லீரலும் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கிராம் கிரியேட்டினைத் தாமே உருவாக்குகின்றன. உடலிலுள்ள கிரியேட்டினில் ஏறத்தாழ 95 விழுக்காடு தசைகளில் தங்குகிறது.

அங்கு அதற்கு என்ன பணி? தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு தருகிறது. அதனைக் கைச்செலவுப் பணத்திற்கு ஒப்பிடலாம். கையிருப்போ சில விநாடிகளுக்கு மட்டுமே போதும். கனமான பையைச் சட்டெனத் தூக்கும்போதும், படிகளில் விரைந்து ஏறும்போதும் அது தீர்ந்துவிடும். அப்போது ஓவர்டிராஃப்ட் எனப்படும் மிகைப்பற்று வசதியைப் போல உடனே கைகொடுப்பது தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின். அது செலவான ஏ.டி.பி.யை மீண்டும் உருவாக்குகிறது. வெளியிலிருந்து கிரியேட்டின் உட்கொள்ளும்போது இந்த வசதியின் வரம்பு ஓரளவு உயர்கிறது. எனவே எடைப் பயிற்சியில் பத்து முறை தூக்கிச் சோர்பவர் பதினொன்றாம் முறையும் தூக்க முடிகிறது. நாளடைவில் அக்கூடுதல் உழைப்பே தசைவலுவாக மாறுகிறது.

உணவில் கிரியேட்டின் கிடைப்பது இறைச்சியிலும் மீனிலுமே. ஒரு கிலோ சமைக்காத இறைச்சியில் ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் வரை இருக்கும். பாலில் இருப்பது மிகச் சொற்பம். பருப்பு, காய்கறி, தானியங்களில் இல்லை எனலாம். ஆகவே சைவ உணவினரின் தசைகளில் இதன் இருப்பு பொதுவாகக் குறைவு. உட்கொள்ளத் தொடங்கியதும் அவர்களிடம் அது நன்கு உயர்வதைக் காணலாம். 'இறைச்சிச் சத்து' என்றஞ்சிச் சைவர்கள் தயங்க வேண்டியதில்லை. கடைகளில் விற்கப்படும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட், விலங்குகளிலிருந்து எடுக்கப்படாமல் ஆலையில் வேதியியல் முறையில் தயாரிக்கப்படுவது. மாத்திரைக் குப்பியாக வாங்கினால் மட்டும், அதன் உறை ஜெலட்டினால் ஆனதா என்று பார்க்க வேண்டும். பொட்டலத்திலுள்ள பச்சைப் புள்ளிக் குறி இதற்கு உதவும்.

ஆய்வுகள் கூறுவதும் கூறாததும்

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் இப்பொருளை ஆராய்ந்து, 55 வயதைக் கடந்தவர்கள் நாளொன்றுக்கு 3 கிராம் கிரியேட்டின் உட்கொண்டு, வாரம் மூன்று முறையேனும் எடைப் பயிற்சியும் செய்துவந்தால், அப்பயிற்சியால் விளையும் தசை வலிமை கூடுகிறது என்று ஏற்றுக்கொண்டது. இதில் 'பயிற்சியும் செய்துவந்தால்' என்னும் நிபந்தனையே உயிர்நாடி. பொடியை மட்டும் கலந்து குடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு அந்த ஏற்பு பொருந்தாது.

எலும்பின் நிலை வேறு. கனடாவின் சஸ்காட்சவன் பல்கலைக்கழக ஆய்வாளர் பிலிப் சிலிபெக் தலைமையிலான குழு, மாதவிடாய் நிறைவுற்ற 237 பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, முடிவுகளை 2023இல் வெளியிட்டது. அனைவரும் வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சியும் ஆறு நாள் நடைப்பயிற்சியும் செய்தனர். ஒரு பிரிவினருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் 0.14 கிராம் வீதம் கிரியேட்டின் தரப்பட்டது. அதாவது 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 8.4 கிராம். அவ்வளவு கொடுத்தும் எலும்பின் அடர்த்தியில் முன்னேற்றம் இல்லை. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியின் வடிவ உறுதியிலும் நடை வேகத்திலும் மட்டும் சிறு நன்மை தென்பட்டது. எனவே 'எலும்புத் தேய்வுக்கு மருந்து' என்று இதனை விற்பவரின் சொல்லை நம்பி, மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நிறுத்திவிடலாகாது.

நினைவாற்றலைப் பெருக்கும், மனச்சோர்வைப் போக்கும் என்னும் விளம்பரங்களும் இப்போது மிகுந்துள்ளன. இத்துறையில் ஆய்வுகள் நடைபெற்று வருவது மெய்யே. ஆயினும் கிரியேட்டினுக்கும் அறிவுத்திறன் மேம்பாட்டிற்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே அதே ஐரோப்பிய ஆணையம் 2024இல் கூறியது. அந்நோக்கத்திற்காக மட்டும் இதனை வாங்குவது இன்றைய நிலையில் முந்திரிக்கொட்டைத்தனமாகும்.

அறிக்கையில் உயரும் ஓர் எண்

கிரியேட்டின் உடலில் பயன்பட்டபின் கிரியேட்டினின் என்னும் கழிவாக மாறிச் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்தே மருத்துவர்கள் சிறுநீரகத்தின் நலத்தைக் கணிக்கின்றனர். கிரியேட்டின் உட்கொள்பவருக்கு, சிறுநீரகம் நலமாக இருப்பினும் அவ்வெண் சற்று உயர்ந்து காணப்படலாம். இதனை அறியாதவர் அறிக்கையைக் கண்டு கலங்குவர். அதனினும் தீங்கானது, மெய்யான சிறுநீரகக் கோளாற்றை 'பொடியினால் வந்த உயர்வு' என்று தள்ளிவிடுவது.

எனவே தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்து, அறிக்கையைப் பத்திரப்படுத்துவது அறிவுடைமை. பின்னர் வரும் எண்களை அத்தொடக்க இருப்போடு ஒப்பிடலாம். ஆண்டுப் பரிசோதனையின்போதும், காப்பீட்டிற்கான மருத்துவப் பரிசோதனையின்போதும் கிரியேட்டின் உட்கொள்வதை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் சிஸ்டாட்டின்-சி என்னும் வேறொரு பரிசோதனையால் மருத்துவர் தெளிவு பெறுவார்.

நலமுள்ளவர்களுக்கு, பரிந்துரைக்கப்படும் அளவில் இது சிறுநீரகத்தைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் ஒப்புதலின்றி இதனைத் தொடவே கூடாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தை ஓசையின்றித் தாக்குபவை. அவை உள்ளவர்களும், நாள்தோறும் வலி மாத்திரை அல்லது நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்பவர்களும், கருவுற்றிருப்பவர்களும், பாலூட்டுபவர்களும் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். தொடக்க வாரங்களில் தசைக்குள் நீர் தங்குவதால் உடல் எடை ஒன்றிரண்டு கிலோ கூடக்கூடும், அது கொழுப்பன்று. ஒரே வேளையில் மிகுதியாக உட்கொண்டால் வயிற்றுக் கோளாறு வரலாம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் நாள்தோறும் 20 கிராம் உட்கொள்ளும் முறை சிலரால் பரிந்துரைக்கப்படுகிறது. அது தசையின் இருப்பை விரைவில் நிரப்புமேயன்றி, முடிவில் கூடுதல் பயன் தராது. 3 கிராம் வீதம் உட்கொண்டால் ஏறத்தாழ நான்கு வாரத்தில் அதே நிலையை எட்டலாம். காலையா மாலையா என்பதைவிடத் தவறாமல் உட்கொள்வதே முக்கியம்.

விலையை டப்பாவின் மேல் பார்க்காமல் நாட்கணக்கில் பாருங்கள். 250 கிராம் டப்பா, நாளுக்கு 3 கிராம் வீதம் 83 நாள் வரும். அதன் விலை 800 ரூபாய் எனக் கொண்டால் ஒரு நாள் செலவு பத்து ரூபாய்க்கும் குறைவு. மிகுதியாக ஆராயப்பட்டது மோனோஹைட்ரேட் வகையே. பன்மடங்கு விலையுள்ள வேறு வகைகளும், மென்று தின்னும் மிட்டாய் வடிவங்களும் அதனினும் சிறந்தவை என்பதற்குச் சான்றில்லை. 'மகளிருக்கென்றே தயாரித்தது' என்னும் இளஞ்சிவப்பு டப்பாவில் இருப்பதும் பெரும்பாலும் அதே பொடிதான்.

டப்பாவின் மேல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் உள்ளதா என்று பாருங்கள். 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று' என்னும் அறிவிப்பும் இருக்க வேண்டும். தரக்குறைவெனத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். சமூக ஊடகத்தில் வரும் 'பாதி விலை' விளம்பரங்களை நம்பி, முன்பின் அறியாத விற்பனையாளருக்கு யு.பி.ஐ. வழியே முன்பணம் அனுப்பாதீர்கள். அவ்வாறு ஏமாற நேர்ந்தால் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழைத்து, தங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள்.

முதல் இன்றி வட்டி இல்லை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதத்தில் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகள், உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. கிரியேட்டின் புரதப் பொடியன்று. எனினும் அவ்வறிவுரையின் உட்கருத்து இதற்கும் பொருந்தும். டப்பாவிற்கு முன் தட்டைக் கவனிக்க வேண்டும். உடல் எடையின் ஒரு கிலோவிற்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியர்க்கான பரிந்துரை. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 50 கிராம் ஆகும். காலையில் இட்லியும் சட்டினியும், பகலில் சோறும் நீர்த்த சாம்பாரும் என்று உண்பவர் அவ்வளவை எட்டுவது கடினம். பருப்பு, சுண்டல், தயிர், பனீர், முட்டை, மீன் ஆகியவற்றை ஒவ்வொரு வேளையிலும் சேர்த்தால் எளிதில் எட்டலாம்.

அடுத்தது பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிகளின்படி, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்புடன், இரண்டு நாளேனும் தசை வலுப் பயிற்சியும் வேண்டும். லால்பாக்கிலும் கப்பன் பூங்காவிலும் அல்சூர் ஏரிக்கரையிலும் விடியற்காலையில் நடப்போர் முதற்பகுதியை நிறைவேற்றிவிடுகின்றனர். இரண்டாம் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர். நடை இதயத்திற்கு நன்று. தசையை வளர்ப்பதற்கு அது மட்டும் போதாது. இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுதல், தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்குதல், மெட்ரோ நிலையத்தில் மின்படிக்கு மாற்றாகப் படிகளில் ஏறுதல் என வீட்டளவிலேயே தொடங்கி, வாரந்தோறும் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். நகரின் பல பூங்காக்களில் திறந்தவெளிப் பயிற்சிக் கருவிகளும் உள்ளன.

ஆகவே செலவின் வரிசை இவ்வாறு அமையட்டும்: முதலில் மருத்துவப் பரிசோதனை, அடுத்து உணவில் புரதம், அதன்பின் வாரம் இருமுறையேனும் தசைப் பயிற்சி. இம்மூன்றும் இரண்டு மூன்று மாதம் தவறாமல் நடந்தபின், மருத்துவரின் ஒப்புதலோடு கிரியேட்டினைச் சேர்ப்பதா என்று முடிவு செய்யலாம். பயிற்சி முதல் எனின், கிரியேட்டின் அதன்மேல் வரும் சிறு வட்டி. முதல் போடாத கணக்கில் வட்டி ஏறாது என்பதை வங்கி வாடிக்கையாளர்களாகிய தங்களுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை.