பால் மரமும் விஞ்ஞானப் பாடமும்

பெற்றோர்களே, இடைநிலைப்பள்ளிப் பிள்ளை விஞ்ஞானப் புத்தகத்தை விரித்தால், "நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்கிவிடுகிறீர்கள் அல்லவா? ஐந்தாம் படிவ வேதியியலில் ரப்பர் பால் உறைவதும் ஒரு பாடம். அதை உங்களைவிட அதிகம் கண்டவர் யார்?

மங்கில் விட்ட பால் மறுநாள் கட்டிப்பாலாகிக் கிடக்கும். ஏன்? பாலிலுள்ள ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரதச் சவ்வு உண்டு. அதிலுள்ள எதிர் மின்னேற்றத்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. பாக்டீரியாக்கள் புகுந்து அமிலத்தை உண்டாக்கியதும் அந்த மின்னேற்றம் போய்விடுகிறது. துகள்கள் மோதிச் சவ்வு கிழிந்து, ரப்பர் ஒட்டிக்கொள்கிறது. பால் ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவது இதையே விரைவாகச் செய்யத்தான். அம்மோனியா சேர்த்தாலோ பால் உறையாது.

விடியுமுன் மரம் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. இரவில் இலைவழியே நீர் அதிகம் போகாததால் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். உளி ஆழமாக இறங்கினால் மண்டோர் ஏசுவாரே, அதுவும் தாவரவியல்தான்: புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் அங்கேதான் இருக்கிறது.

பூர்வகுடியினரான தெமியார் மக்கள், ஈப்போ மரத்தின் பாலை ஊதுகுழல் அம்பில் தடவி வேட்டையாடியவர்கள். இதயத்தையே நிறுத்தும் நஞ்சு அது! எந்த மரத்தின் பால் என்ன செய்யும் என்பதை ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்டறிந்திருந்தார்கள்.

நம் ஆசிரியர்கள் இவற்றை வகுப்பில் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் நீங்களே தொடங்கலாம். இரண்டு மங்கில் புதுப்பால் எடுங்கள். ஒன்றில் மட்டும் சிறிது வினிகர் விடுங்கள். எது முதலில் உறைகிறது, எத்தனை நிமிடத்தில் என்று பிள்ளையைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.