தாத்தாவின் கூண்டும் பாப்பாவின் கப்பலும்

“அத்தை, நம்ம வண்டி கிளம்பிடுச்சு!”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாப்பா துள்ளினாள். வண்டி கிளம்பவில்லை. பங்காரப்பேட்டை ஸ்டேஷனில் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற கூட்ஸ் வண்டிதான் மெல்ல நகர்ந்தது. அதன் கடைசிப் பெட்டி கடந்து போனதும், நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்பது தெரிந்தது. பாப்பாவின் முகம் வாடிவிட்டது.

“கண்ணு பொய் சொல்லுமா அத்தை?”

பிள்ளைகளே, இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்று ரயிலில் முளைத்த இந்தக் கேள்வி எங்களோடு தீம் பார்க்குக்கு வந்தது, கப்பலிலும் ஏறியது.

பாப்பா என் தம்பி மகள். வயது ஆறு. எங்கள் ஊர் குடுபல்லி. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் குப்பத்துக்கு அடுத்த ரயில் நிலையம். ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் தமிழ்நாடு. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் பேசி வளர்கிற பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறைய. கோடை விடுமுறையில் முதலில் பெங்களூரை அடுத்த பிடதியில் உள்ள வொண்டர்லா, அப்புறம் சென்னையிலிருந்து கப்பல் என்று தம்பி திட்டம் போட்டிருந்தான். தாத்தாவும் கூட வந்தார். தாத்தா என்றால் பாப்பாவுக்குத் தாத்தா, எனக்கு அப்பா. கோலார் தங்க வயலில் பூமிக்கு அடியில் வேலை செய்தவர்.

ரயில் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஓடுகிற படகில் இருப்பவனுக்குக் அசையாமல் நிற்பவை பின்னால் ஓடுவதுபோலத் தெரியும் என்று ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய நூலில் சொல்லியிருக்கிறார். அதேபோல, பூமி சுழல்வதால்தான் நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகிறது என்றும் விளக்கினார். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ‘இதற்கும் அதற்கும் நடுவே தூரம் மாறுகிறது’ என்பது மட்டும்தான். நகர்வது நீயா, அதுவா என்று கண்ணால் தீர்ப்புச் சொல்ல முடியாது. பாப்பாவின் கண் பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைத்தான் அதனால் சொல்ல முடிந்தது.

வொண்டர்லா 2005-ல் திறந்த பூங்கா. சின்னப் பிள்ளைகளுக்கென்று தனி ராட்டினங்கள் உண்டு. குட்டி கோபுரம் ஒன்றில் வரிசையாக உட்காரவைத்து மேலே தூக்கி, பொசுக்கென்று கீழே இறக்குவார்கள். பாப்பா இறங்கி வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “உள்ள யாரோ குதிச்சாங்க அத்தை!”

குப்பம் கங்கம்மா ஜாத்திரையில் ராட்டினம் ஏறியவர்களுக்கு அது தெரியும். தொட்டி உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு ஜிவ்வென்று மேலே எழும்பும். ஏன்?

இப்போது நீங்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பூமி உங்களைக் கீழே இழுக்கிறது. தரை உங்களை மேல்நோக்கித் தாங்குகிறது. உங்கள் உடம்புக்குத் தெரிவது பூமியின் இழுப்பு அல்ல, தரை தாங்குகிற தாங்கல்தான். அதைத்தான் ‘நம் கனம்’ என்று உணர்கிறோம். வயிறும் குடலும் உடம்புக்குள் பைபோலத் தொங்குகின்றன. அவற்றையும் சுற்றியுள்ள தசைகள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. நாற்காலி திடீரென்று கீழே விழுந்தால், நாற்காலி, நீங்கள், உங்கள் வயிறு எல்லாம் ஒரே வேகத்தில் சேர்ந்து விழுகின்றன. யாரும் யாரையும் தாங்கவேண்டிய அவசியமில்லை. தொங்கிக்கொண்டிருந்த பை லேசாகி மேலே எழும்புகிறது. பாப்பாவின் வயிற்றில் குதித்தது பாப்பாவின் வயிறேதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் அடிப்பக்கம் சின்ன ஓட்டை போடுங்கள். ஓட்டையை விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். மூடி போடவேண்டாம். நாற்காலிமேல் ஏறி நின்று விரலை எடுங்கள், தண்ணீர் பீய்ச்சும். இப்போது பாட்டிலைக் கைவிடுங்கள். விழுகிற அந்த நேரத்தில் ஓட்டையிலிருந்து ஒரு சொட்டுக்கூட வெளியே வராது! ஓட்டை அப்படியேதான் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. ஆனால் பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்தே விழுவதால் ஒன்றை ஒன்று அழுத்தவில்லை. வீட்டு முற்றத்தில் செய்யுங்கள், பெரியவர் யாராவது நாற்காலியைப் பிடித்துக்கொள்ளட்டும். கைப்பேசியில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தால் இன்னும் அழகாகத் தெரியும்.

பெரியவர்களின் கோபுரத்தில் இது பலமாக இருக்கும். 20 மீட்டர் தடையில்லாமல் விழுந்தால் இரண்டு நொடிதான் ஆகும். அதற்குள் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் ஆகிவிடும். அந்த வேகத்தை நிறுத்தப் பல கோபுரங்களில் காந்தத்தை வைத்திருக்கிறார்கள். நாற்காலியோடு வருகிற உலோகத் தகடு காந்தங்களுக்கு நடுவே நுழையும்போது தகட்டுக்குள் மின்சாரம் சுழல்கிறது. அந்தச் சுழல் மின்சாரமே எதிர்த்து நின்று வேகத்தை மட்டுப்படுத்துகிறது. வெளியிலிருந்து கரண்ட் தேவையில்லை. கரண்ட் போனாலும் பிடிக்கும். மனிதர்கள் கண்டுபிடித்த நல்ல பிரேக்குகளில் இதற்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

ரோலர் கோஸ்டர் வரிசையில் ஓர் உயரக் கோல் நட்டிருந்தார்கள். பாப்பாவின் தலை கோட்டுக்குக் கீழே நின்றது. குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். அங்கிருந்த அக்கா சிரித்துக்கொண்டே, “அடுத்த வருஷம் வாம்மா” என்றார். பாப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. நானும் தாத்தாவும் அவளோடு வெளியே நின்றோம், தம்பி மட்டும் ஏறினான்.

கோஸ்டர் வண்டியில் என்ஜின் கிடையாது. பெரும்பாலும் ஒரு சங்கிலி முதல் மேட்டுக்கு இழுத்துக் கொண்டுபோய் விடும். மிச்ச வேலையெல்லாம் பூமியின் இழுப்புதான். 30 மீட்டர் மேட்டிலிருந்து உராய்வில்லாமல் இறங்கினால் அடியில் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தலைகீழாக ஒரு வளையம் போடுகிறதே, அந்த வளையத்தை உற்றுப் பாருங்கள். அது வட்டமாக இருக்காது. சொட்டப்போகிற நீர்த்துளிபோல மேலே குறுகி, கீழே அகன்றிருக்கும்.

1895-ல் அமெரிக்காவின் கோனி தீவில் சரியான வட்டமாகவே ஒரு வளையம் கட்டினார்கள். ஏறியவர்களுக்குக் கழுத்து வலி கண்டது. கணக்குப் போட்டால் காரணம் புரியும். வட்ட வளையத்தில் உச்சியைத் தாண்டும் அளவுக்கு வேகமாக நுழைந்தால், நுழைகிற இடத்தில் இருக்கை உங்களை உங்கள் எடையைப்போல் ஆறு மடங்கு அழுத்தும். பாப்பா 18 கிலோ. அந்த நொடியில் அவள் 108 கிலோ ஆகிவிடுவாள், ஒரு நெல் மூட்டையைவிட அதிகம்! 1976-ல் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர் துளி வடிவ வளையத்தை அமைத்த பிறகுதான் இந்த விளையாட்டு உடம்புக்கு ஒத்துவந்தது. அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

இனி உயரக் கோலுக்கு வருவோம். பெரியவர்களின் தலை அவர்கள் உயரத்தில் ஏழில் ஒரு பங்குகூட இருக்காது. பிறந்த குழந்தையின் தலையோ உயரத்தில் நாலில் ஒரு பங்கு. ஆறு வயதில் இரண்டுக்கும் நடுவே இருக்கிறோம். தலை பெரிது, கழுத்துத் தசை இன்னும் வலுப்படவில்லை. இடுப்பையும் தோளையும் பிடிக்கும் கம்பியும் பெரிய உடம்புக்கு அளவெடுத்தது, சின்ன உடம்பு அதற்குள் நழுவும். ஆகவே அந்தக் கோல் முன்னால் தடிமனான செருப்புப் போட்டு ஏமாற்றாதீர்கள். உங்கள் கழுத்தின்மேல் அக்கறை உள்ள ஒருவர்தான் அதை நட்டிருக்கிறார்.

சமாதானத்துக்குப் பாப்பாவைக் கிண்ண ராட்டினத்தில் ஏற்றினோம். இறங்கியதும் தள்ளாடினாள். “நின்னுட்டேன், ஆனா இன்னும் சுத்துது!”

ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து நாலு சீரகம் போட்டு, சொம்பைத் தரையில் வைத்துச் சுற்றுங்கள். தொடக்கத்தில் சொம்பு சுற்றும், சீரகம் நிற்கும். சிறிது நேரத்தில் தண்ணீரும் சேர்ந்து சுற்றும். சட்டென்று சொம்பை நிறுத்தினால் சீரகம் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் காதுக்குள்ளே, இரண்டு பக்கமும், திரவம் நிறைந்த மூன்று மூன்று வளைகுழாய்கள் இருக்கின்றன. நடப்பது இதே கதைதான். தலை நின்ற பிறகும் திரவம் நகர்வதால் அங்குள்ள நுண்மயிர்கள் வளைந்து, ‘இன்னும் சுற்றுகிறோம்’ என்று மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. பக்கத்திலேயே சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிய ஒரு சவ்வும் உண்டு. முன்னே தள்ளினாலும் மேலே தூக்கினாலும் அதுதான் சொல்லும். காது கேட்பதற்கு மட்டும் என்று யார் சொன்னது!

மூன்றாம் நாள் சென்னைத் துறைமுகம். கப்பலின் பெயர் எம்பிரஸ். பிரான்சில் கட்டி 1990-ல் கடலில் ஓடத் தொடங்கியது. சுமார் 210 மீட்டர் நீளம். 2022 ஜூன் 4 அன்று சென்னையிலிருந்து இதன் சுற்றுலாப் பயணத்தைத் தமிழ்நாட்டு முதல்வர் தொடங்கிவைத்தார். இத்தனை இரும்பு எப்படி மிதக்கிறது என்பதற்கு நம் வீட்டுச் சொம்பே போதும். காலிச் சொம்பு மிதக்கும், அதையே நசுக்கி உருண்டையாக்கினால் மூழ்கும். கப்பல் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் அளவுக்கு உள்ளே காலியிடம் வைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கரை மறைந்ததும் பாப்பாவுக்கு அறைக்குள் குமட்டியது. அறையின் சுவர், கட்டில், விளக்கு எதுவும் ஆடவில்லை என்கிறது கண். ஆடுகிறோம் என்கிறது காது. இருவரில் யாரை நம்புவது என்று மூளை குழம்பும்போது வயிறு புரட்டுகிறது. விஷம் ஏதோ உள்ளே போய்விட்டது என்று மூளை தப்பாக நினைத்துக்கொள்கிறது என்பது சில விஞ்ஞானிகளின் கருத்து. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அபூர்வம். ஆறு, ஏழு வயதுக்குமேல்தான் அதிகம், பெரியவர்களானால் பெரும்பாலும் குறைந்துவிடும். பாப்பாவை மேல்தளத்துக்குத் தூக்கிப்போய்த் தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டைக் காட்டினேன். அந்தக் கோடு ஆடாது. கப்பல்தான் ஆடுகிறது என்று கண்ணும் ஒப்புக்கொண்டதும் கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டாள். மெரினா மணலில் நின்றால் பாப்பா உயரத்துக்கு அந்தக் கோடு மூன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் 18 கிலோமீட்டர் தூரத்துக்குத் தள்ளிப் போய்விடும்.

இப்படிப்பட்ட பெரிய கப்பல்களில் தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் மீன் துடுப்புபோலத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அலைக்கு ஏற்ப அவை திரும்பி ஆட்டத்தைக் குறைக்கும். இரவு கடல் அமைதியானதும் ஆட்டமே தெரியவில்லை. தாத்தா கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

“ஓடுதா நிக்குதான்னே தெரியல பாப்பா. கூண்டு மாதிரியே இருக்கு.”

“எந்தக் கூண்டு தாத்தா?”

கோலார் தங்க வயலில் தொழிலாளர்களைக் கீழே இறக்குகிற இரும்புக் கூண்டு. அங்கே சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டியது. எங்கள் குடுபல்லி மண்டலத்திலேயே பிசாநத்தத்திலும் சிகர்குண்டாவிலும் தங்கச் சுரங்கம் இருந்தது. 2001-ல் எல்லாம் மூடிவிட்டார்கள். இந்த ஊர்ப்பக்கத்துத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய இடங்கள் அவை.

தாத்தா சொன்னார்: “கூண்டு கிளம்பும்போது வயிறு நெஞ்சுக்கு வந்துடும். உன் கோபுரம் மாதிரிதான். அப்புறம் ஒண்ணும் தெரியாது. இருட்டுல சும்மா நிக்கிற மாதிரி இருக்கும். ஆனா கீழ போய்க்கிட்டே இருப்போம். நிறுத்தும்போது முழங்கால் மடங்கும். அப்பதான், ஓ, இவ்ளோ நேரம் ஓடிக்கிட்டு இருந்தோமான்னு தெரியும்.”

நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லித்தந்திருக்கிறேன், இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. உடம்புக்கு வேகம் தெரியாது. வேகம் மாறுவதுதான் தெரியும். சீராக ஓடும் கப்பலின் மூடிய அறையில் பட்டாம்பூச்சி எப்படிப் பறக்கிறது, தொட்டியில் மீன் எப்படி நீந்துகிறது, தண்ணீர் எப்படிச் சொட்டுகிறது என்று பார்த்துக் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது என்று கலிலியோ 1632-ல் எழுதினார். பாப்பா தன் பந்தை மேலே போட்டுப் பிடித்தாள். கப்பல் ஓடிக்கொண்டிருந்தாலும் பந்து பின்னால் போய் விழவில்லை, நேராக அவள் கைக்கே வந்தது. கப்பலின் வேகம் பந்துக்குள்ளும் இருக்கிறதே!

ஊருக்குத் திரும்பிய மறுநாள் பாப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “இனிமே எங்கயும் போகலையா அத்தை? சும்மாவே இருக்கணுமா?” என்று கேட்டாள்.

சும்மா இல்லை, பாப்பா. பூமி தன்னைத் தானே ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் குடுபல்லித் திண்ணை, இந்த நொடியில், கிழக்கு நோக்கி மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது.