சிறுநீரக நோயுற்ற உழவருக்கு உகந்த வேலைமுறை

திருவண்ணாமலை மாவட்டத்தில் மணிலா, நெல், கரும்பு வேலைகள் பெரும்பாலும் கடும் வெயிலில் நடைபெறுகின்றன. 2023-ஆம் ஆண்டில் தமிழகத்தில் சுமார் 3,350 விவசாயத் தொழிலாளரிடம் நடத்திய ஆய்வில், 100-க்கு 5 பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் இல்லை. வெப்பமும் உடலில் நீர் வற்றுவதும் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. ஆந்திராவின் உத்தானம், இலங்கையின் அனுராதபுரம் பகுதி உழவர்களிடையேயும் இத்தகைய நோய் பரவலாக உள்ளது.

அறிகுறிகள்

தொடக்கத்தில் வலி இராது. களைப்பு, பசியின்மை, கால் வீக்கம் தோன்றும்போது நோய் முற்றியிருக்கும். இதை வேலை அசதி என்றெண்ணிக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குதல் கூடாது. அது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றைச் சோதித்தால் நோயை முன்கூட்டியே அறியலாம்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர்

வாரம் 2 அல்லது 3 முறை, முறைக்குச் சுமார் 4 மணி நேரம் சிகிச்சை தேவை. அன்றைய கூலி போகும். மாலையில் அசதி மிகும். ஆகவே நடவு, களையெடுப்பு, நீர் பாய்ச்சும் முறை ஆகியவற்றை மற்ற நாட்களுக்கு ஒதுக்குதல் வேண்டும். பௌர்ணமி, கார்த்திகை தீப நாட்களில் நகரில் நெரிசல் மிகும். முன்னதாகவே புறப்பட வேண்டும்.

ஊசி போடுவதற்கென ரத்தக்குழாய் இணைத்த கையால் மூட்டை தூக்கக் கூடாது. மாட்டுக் கயிற்றை அக்கையில் சுற்றக் கூடாது. இணைப்பின் மேல் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். நாள்தோறும் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உணவும் நீரும்

நல்லதென்று நாம் கொடுக்கும் இளநீரும் வாழைப்பழமும் நோய் முற்றியவருக்கு ஆபத்தாகலாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தங்கி இதயத்தைப் பாதிக்கும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் தாகத்தைத் தூண்டும். தண்ணீரின் அளவை மருத்துவரே வகுக்க வேண்டும். தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வைத்தால், உடலில் நீர் சேர்வது தெரியும்.

நோயற்றவர்கள் வெயில் ஏறுமுன் கடினமான வேலையை முடித்து, அடிக்கடி தண்ணீர் குடித்து, நிழலில் இளைப்பாற வேண்டும்.

குடும்பத்தார் கடமை

நோயாளியை மூலையில் உட்கார வைத்தல் தேவையில்லை. விதை தேர்வு, கணக்கு எழுதுதல், வேலையாட்களை மேற்பார்த்தல் போன்றவற்றை, உடல் இடம் கொடுக்கும்வரை அவரிடம் விடலாம். மருந்து தெளிக்கும் வேலையைப் பிறர் ஏற்க வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்கு வேண்டிய பைகளை வீட்டிற்கே வழங்க, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழி செய்தது. இதற்குத் தாம் தகுதியுடையவரா என்பதை அரசு மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். நோயாளிக்கு ஏற்ப வேலையை மாற்றினால், பயிரும் கெடாது. அவர் மனமும் தளராது.