இரண்டு கோடு வந்தாச்சா? இரும்புச்சத்து மாத்திரை பற்றித் தெரிஞ்சுக்கோங்க

கிட்டில் இரண்டு கோடு தெரிந்த அன்றே வீட்டில் அறிவுரை தொடங்கிவிடும். "சத்து மாத்திரை போட்டா குழந்தை கறுத்துடும்" என்பார் ஒருவர். "குழந்தை பெருத்துட்டா பிரசவம் கஷ்டம்" என்பார் இன்னொருவர். திருவண்ணாமலை மாட வீதியானாலும் ஜவ்வாது மலையானாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: முதல் மூன்று மாதத்தில் இரும்புச்சத்து மாத்திரை போடலாமா?

மருத்துவர் சொன்ன அளவில் போட்டால் கருவுக்குக் கெடுதல் இல்லை. கர்ப்பம் எனத் தெரியாமல் ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவால் வருவது, மாத்திரையால் அல்ல.

அப்படியானால் அரசு மருத்துவமனையில் ஏன் நான்காம் மாதத்தில் தொடங்குகிறார்கள்? முதல் மூன்று மாதம் குமட்டல், வாந்தி அதிகம். இரும்புச்சத்தின் தேவை கூடுவதும் அதற்குப் பிறகுதான். அதுவரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை தருவார்கள். குழந்தையின் மூளை, தண்டுவடம் சரியாக உருவாக அது அவசியம், அதைத் தவறவிடாதீங்க.

நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு சிவப்பு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. பிரசவத்துக்கு முன் 180 நாள், பின் 180 நாள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. மருத்துவர் முன்னதாகவே தொடங்கலாம், அளவைக் கூட்டலாம். நீங்களாகக் கூட்ட வேண்டாம். தலசீமியா இருந்தால் முதலிலேயே சொல்லிடுங்க.

ரத்தசோகையை விட்டுவிட்டால் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிரசவ ரத்தப்போக்கில் தாயின் உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது.

எப்படிப் போடுவது?

* சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்க. பௌர்ணமி விரதம் என்று வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்.
* டீ, காபி, பாலுடன் வேண்டாம். சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யா நல்லது.
* கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்க.
* மலம் கறுப்பாகப் போவது இயல்பு. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, பழம் கூட்டுங்க. வாந்தி நிற்காவிட்டால் மாத்திரையை நிறுத்தும் முன் நர்ஸைக் கேளுங்க.
* குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்க. மிட்டாய் என்று நினைத்து நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்க.

இன்றே ஒரு வேலை செய்யுங்க. 12 வாரத்துக்குள் பிக்மி இணையதளத்திலோ கிராம அல்லது நகர சுகாதார செவிலியரிடமோ கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்கிடுங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்த எண்தான் அடிப்படை. மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சந்தேகமா? 104-க்கு போன் போடுங்க.