103 பொற்காசுகள், 42 லட்சம் கைபேசிகள்

போளூரை அடுத்த ஜவ்வாது மலையில், கோவிலூர் சிவன் கோயில் திருப்பணியின்போது 2025 நவம்பர் தொடக்கத்தில் ஒரு மண்பானை கிடைத்தது. உள்ளே 103 பொற்காசுகள். கோயில் மூன்றாம் ராஜராஜ சோழன் காலத்தது என்று அப்போது சொல்லப்பட்டது. அவன் ஆட்சிக்காலம் 1216 முதல் 1256 வரை. காசுகளும் அக்காலத்தவை என்று கொண்டால், அவற்றின் வயது குறைந்தது 769 ஆண்டுகள். வைத்தவர் எடுக்க வரவில்லை. வைத்த இடத்தைச் சொல்லவும் ஆளில்லை.

இத்தகைய பொருளுக்கான சட்டம் 1878இல் வந்தது. மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்பட்ட பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை. அன்றைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், 10 ரூபாய் என்றால் 116.6 கிராம். 2025 நவம்பரில் ஆபரணத் தங்கம் கிராமுக்கு 11,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. 10 ரூபாய்க்கு 1 மில்லிகிராம்கூட வராது. ஆட்சியரின் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 4 மாதத்துக்குக் குறையாமல், 6 மாதத்துக்கு மிகாமல், உரிமை கோர ஒரு நாள் குறிக்கப்படும். உரிமை கோருபவர், அது 100 ஆண்டுகளுக்குள் தாமோ தம் முன்னோரோ வைத்தது என்று காட்டியாக வேண்டும். யாரும் காட்டாவிட்டால் அது உரிமையாளரற்ற பொருள். நில உடைமையாளருக்கும் கண்டெடுத்தவருக்கும் இடையே வேறு உடன்பாடு இல்லையேல், கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்கு உரியவருக்கு ஒரு பங்கு. 103 காசில் அது 77.25க்கு 25.75. கோயிலில் கிடைத்த காசுக்கு இந்தப் பங்கீடு பொருந்தும் என்று இங்கே வாதிடவில்லை. கணக்கு எப்படி ஓடும் என்பதற்கே இது.

மண்ணுக்கு மேலே கிடக்கும் பொருளுக்கு வேறு கணக்கு. காவல்துறையிடம் வந்து சேர்ந்து, உரியவர் இன்னார் என்று தெரியாத பொருளுக்கு 6 மாத அவகாசம் தந்து அறிவிப்பு வெளியிடப்படுகிறது. யாரும் வராவிட்டால் அது அரசைச் சேரும். குறைந்த மதிப்புள்ள பொருளை அவ்வளவு காலம் காக்காமல் விற்கலாம். அந்த வரம்பு 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 500 ரூபாய்; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 10,000 ரூபாய். ரூபாயில் 20 மடங்கு. தங்கத்தில் அளந்தால் கணக்கு தலைகீழாகிறது: 1974இல் 500 ரூபாய்க்குச் சுமார் 10 கிராம் தங்கம் கிடைத்தது, இன்றைய 10,000 ரூபாய்க்கு 1 கிராம்கூடக் கிடைக்காது.

ரயில்வே பாதுகாப்புப் படையின் ஏடு இன்னொன்று சொல்கிறது. 2022இல் பயணிகள் தவறவிட்டு மீட்கப்பட்ட உடைமைகள் 32,337, மதிப்பு 50.91 கோடி ரூபாய். சராசரி 15,740 ரூபாய். 2022-23இல் நாடெங்கும் நடந்த ரயில் பயணங்கள் சுமார் 640 கோடி. ஆண்டுக் கணக்கு சில மாதம் முன்பின் இருந்தாலும், ஏறத்தாழ 2 லட்சம் பயணத்துக்கு ஒரு பொருள் என்றாகிறது. 2 லட்சம் பேரில் ஒருவர்தான் எதையாவது மறக்கிறார் என்று காட்பாடி–விழுப்புரம் தடத்தில் போளூரிலிருந்து ஏறி இறங்கும் எவரும் நம்பமாட்டார். சராசரி மதிப்பு இவ்வளவு உயர்ந்திருப்பதே காரணத்தைக் காட்டுகிறது. மடிக்கணினியும் நகைப்பையும் ஏட்டில் ஏறுகின்றன. தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் ஏறுவதில்லை.

சிறு பொருளையும் எண்ணும் ஊர் தோக்கியோ. 2018இல் அங்கே அடையாள அட்டைகளில் 73 விழுக்காடும், கைபேசிகளில் 83 விழுக்காடும், பணப்பைகளில் 65 விழுக்காடும் உரியவரிடம் திரும்பின. காவல்துறையிடம் வந்த குடைகள் 3,38,000. உரியவர் வந்து வாங்கியவை 1 விழுக்காடு, அதாவது 3,400க்குள். கைபேசியில் எண் இருக்கிறது, அட்டையில் பெயர் இருக்கிறது, குடையில் இரண்டும் இல்லை. குடையின் விலையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அடையாள அட்டைக்குச் சந்தை விலை ஏதுமில்லை, அது 73 விழுக்காடு திரும்பியிருக்கிறது.

எண் இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு இந்தியக் கைபேசிக் கணக்கே சான்று. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் 2023 மே மாதம் நாடு முழுமைக்கும் வந்தது. போளூரில் தொலைந்தாலும் சென்னையில் தொலைந்தாலும் வழி ஒன்றே: காவல் நிலையத்தில் புகார், பிறகு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைத் தளத்தில் பதிந்து முடக்குதல். 2025 டிசம்பர்த் தொடக்கம் வரை முடக்கப்பட்டவை 42 லட்சத்துக்கு மேல். தடம் தெரிந்தவை 26 லட்சம், அதாவது 62 விழுக்காடு. உரியவர் கைக்கு வந்தவை 7 லட்சத்துக்குச் சற்று மேல், 17 விழுக்காடு.

இந்த மூன்றில் நடு எண்ணே முக்கியம். தடம் தெரிகிறது என்றால் யாரோ அதில் வேறு சிம் போட்டார் என்று பொருள். தொலைந்த 100 கைபேசியில் 62 குப்பைக்கோ குளத்துக்கோ போகவில்லை. இன்னொருவர் சட்டைப்பையில் இருந்தன. அவற்றில் 17 மட்டும் வீடு திரும்பின, 45 திரும்பவில்லை. மீதி 38இன் கதி கணக்கில் இல்லை: உடைந்திருக்கலாம், உதிரிபாகமாகப் பிரிந்திருக்கலாம். கண்டுபிடிப்பது இயந்திரத்தின் வேலை, வாங்கி வருவது காவலரின் வேலை. இரண்டாவதில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு பெரிது. கர்நாடகமும் தெலங்கானாவும் தலா 1 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

2025 அக்டோபரில் நாடு முழுவதும் மீட்கப்பட்டவை 50,000க்கு மேல். அந்த ஆண்டு ஜூனைவிட இது 47 விழுக்காடு அதிகம். தடம் தெரிந்தும் திரும்பாத 19 லட்சத்தை இதே வேகத்தில் மீட்டால் 38 மாதம் ஆகும், இடையில் புதிதாக ஒன்றுகூடத் தொலையாமல் இருந்தால்.