புத்தகக் கடைக்காரர் கருவி விற்பது ஏன்?

துணிக்கடைக்காரர் தறி செய்து விற்பதில்லை. அரிசி மண்டிக்காரர் அடுப்பு செய்து விற்பதில்லை. அங்ஙனமிருக்க, 1995-ஆம் ஆண்டில் இணையவழிப் புத்தகக் கடையாகத் தொடங்கிய அமேசான் நிறுவனம், கிண்டில் என்னும் படிப்புக் கருவியைத் தானே உருவாக்கி விற்க முற்பட்டது ஏன்? நம் அன்பர்கள் இல்லங்களிலும் அக்கருவி புகுந்துவிட்டமையால், இதனைச் சற்றே ஆராய்தல் தகும்.

காரணத்தை இசைத்தட்டு வணிகத்தில் காணலாம். 2003-இல் ஆப்பிள் நிறுவனம் இணையத்தில் தன் பாட்டுக் கடையைத் திறந்தது. ஐபாட் என்னும் பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்திருந்தோர் அக்கடையிலேயே பாட்டும் வாங்கலாயினர். இசைத்தட்டு விற்று வந்த அமேசான் வெளியே நிற்க நேர்ந்தது. புத்தகத்திற்கும் இக்கதி வருமுன், அதன் தலைவர் ஜெஃப் பெசோஸ் 2004-இல் கலிபோர்னியாவில் கருவி செய்யத் தனி ஆய்வுக்கூடம் அமைப்பித்தார். 2007 நவம்பர் 19 அன்று முதற் கிண்டில் வெளிவந்தது. விலை 399 டாலர். ஐந்தரை மணி நேரத்தில் இருப்பு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. கருவியிலிருந்தே நூல் வாங்குவதற்குக் கம்பியில்லாத் தொடர்பும் அதில் இருந்தது. அதன் கட்டணத்தை நிறுவனமே ஏற்றது. கடைக்கு வருவோரின் வண்டி வாடகையைக் கடைக்காரரே கொடுத்தாற் போலத்தான்!

கருவியை அடக்க விலைக்கே கொடுப்பதாக 2012-இல் பெசோஸ் தாமே கூறினார். ஆதாயம் அதன்பின் விற்கும் நூல்களில் உள்ளது. எல்லாக் கருவிகளும் பலிக்கவில்லை. 2014-இல் வந்த கைப்பேசி படுதோல்வியுற்று, 17 கோடி டாலர் நட்டக் கணக்கில் ஏறியது.

தாயகத்திற்கு அப்பால் வாழும் நமக்கு இதனால் நன்மை இல்லாமலில்லை. 2016-இன் இறுதியில் இந்தியக் கிண்டில் கடையில் தமிழ் நூல்களும் இடம்பெற்றன. ஊரிலிருந்து வருவோர் பெட்டியில் இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. முதியோர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கின்றனர்.

ஆனால் 2009 ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததை மறத்தலாகாது. உரிமையற்ற ஒருவர் ஆர்வெல் எழுதிய இரு நாவல்களைக் கிண்டில் கடையில் ஏற்றி விற்றுவிட்டார். அதனை அறிந்த நிறுவனம், வாங்கியோர் கருவிகளிலிருந்தே அவற்றைத் தொலைவிலிருந்து அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். எனினும், விற்ற புத்தகத்தை நம் அலமாரியிலிருந்து எடுத்துச் செல்லும் கடைக்காரரை நாம் கண்டதுண்டோ? 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியும் நிறுத்தப்பட்டது. நாம் விலை கொடுப்பது நூலுக்கன்று, படிக்கும் அனுமதிக்கே.

ஆகவே, ஒருமுறை படித்துவிடும் நாவலுக்குக் கிண்டில் போதும். பிள்ளைகளுக்கு எஞ்ச வேண்டியவற்றையும், சங்க நூலகத்தில் கைமாற வேண்டியவற்றையும் அச்சில் வாங்குவதே முறை என்பது நம் கருத்து. பழந்தமிழ் நூல்களுக்கோ வேறொரு வழியும் உண்டு. மதுரைத் திட்டத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் 1998 முதல் அவற்றைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டு வருகின்றனர். அக்கோப்புகளை நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம், அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம்.