கொசுறாகக் கிடைக்கும் இலை

மயிலாப்பூர்த் தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கி முடித்ததும், கடைக்கார அம்மாள் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்துப் பையின் மேல் செருகிவிடுவார். அதற்கு விலை கேட்பதில்லை, அது கொசுறு. உணவுப் பொருள்களை அயல்நாட்டுக்கு அனுப்புவதில் உள்ள விதிகளை, மாணவ நண்பர்களே, இந்த எளிய இலையைக் கொண்டே விளக்க எண்ணுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வாழும் என் மகளைக் காணப் புறப்பட்டபோது, கொல்லையில் பறித்த கறிவேப்பிலையை ஈரத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அங்கு இறங்கியதும் ஓர் அதிகாரி அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். நம் ஊர்ப் பொருளென்றால் இவர்களுக்கு இத்தனை இளக்காரமா என்று எனக்குச் சினம் மூண்டது. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளைக் 'காரணம் கூறுக' என்று கேட்டவன், அன்று காரணம் கேட்க மறந்துவிட்டேன்.

காரணம் இதுதான். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைத் தாக்கும் ஒரு நோய் உண்டு. அது கண்ட மரத்தின் கனிகள் சரிவரப் பழுக்காமல் பச்சையாகவே உதிரும். மரமும் நாளடைவில் பட்டுப்போகும். அந்நோயை மரத்துக்கு மரம் கொண்டு செல்வது சில்லிட் என்னும், எள்ளளவே உள்ள பூச்சி. கறிவேப்பிலை எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்த செடியாதலால், அப்பூச்சி இதிலும் குடியிருக்கும். புளோரிடா மாநிலத்தில் 1998-இல் அப்பூச்சி காணப்பட்டது. 2005-இல் நோய் வெளிப்பட்டது. 2003-04 பருவத்தில் அம்மாநிலத்தில் ஏறத்தாழ 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2022-23-இல் 2 கோடிப் பெட்டிகூட இல்லை. புயல்களும் அழித்தன என்றாலும், முதற் பகை அந்நோயே. என் ஈரத்துணி மூட்டையை அந்த அதிகாரி எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார் என்பது இப்போது விளங்குகிறது.

ஐரோப்பாவில் வேறோர் அச்சமும் உண்டு. அது உண்பவர் வயிற்றைப் பற்றியது. 2014 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய வெண்டைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் தனி விதி வகுத்தது. பூச்சிமருந்தின் எச்சம் மிகுதியாக இருந்ததே காரணம். ஆய்வுச்சாலை முடிவும் அரசாங்கச் சான்றும் சரக்கோடு வரவேண்டும் என்றது அவ்விதி. ஒரு மருந்துக்குத் தனி வரம்பு குறிக்கப்படாவிடில், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே அவர்களுடைய பொது வரம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்துக் கோடியில் ஒரு பங்கு! நாமோ கறிவேப்பிலையை இலையோரம் ஒதுக்கிவிடுகிறோம்; இதற்கா இவ்வளவு என்று கேட்கத் தோன்றும். ஆனால் மருந்து தெளித்த பின் குறித்த நாள் பொறுத்துப் பறிப்பதும், அதைக் கணக்கேட்டில் எழுதி வைப்பதும் நம் கையில் உள்ளவை. கோயமுத்தூர்ப் பக்கம் காரமடையில் கறிவேப்பிலையையே முதற்பயிராக வளர்க்கும் உழவருக்கு இது வாழ்வுப் பிரச்சினை. அயலூரில் ஒரு சரக்கு திருப்பப்பட்டால், பறித்த கூலியும் விமானக் கட்டணமும் சேர்ந்தே போகும்.

செடிப்பொருளை அனுப்புவோர் பூச்சி, நோய் இல்லை என்னும் பயிர்நலச் சான்று பெறவேண்டும். நம் நகரில் மீனம்பாக்கத்திலுள்ள மத்திய அரசின் பயிர்த் தொற்றுத்தடுப்பு நிலையம் இப்பணியைச் செய்கிறது. இதற்கு அடிப்படை 1951-இல் உருவான சர்வதேச ஒப்பந்தம். 1995 முதல் உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையும் உண்டு: இத்தகைய தடைகளுக்கு விஞ்ஞான ஆதாரம் வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே ஒரு தடையை எதிர்த்து வழக்காடவும் வழியுண்டு. அதைவிட நல்லது, அதற்கு மாற்று வழி காண்பது. பல ஆண்டுகள் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாதிருந்த நம் மாம்பழம், கதிர்வீச்சினால் பூச்சியை ஒழிக்கும் முறை ஏற்கப்பட்டதும் 2007-இல் அங்கே போய்ச் சேர்ந்தது.

அண்மையில் என் மகள் தொலைபேசியில் பேசியபோது, இப்போது கறிவேப்பிலைக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கடையில் கிடைக்கிறது, ஆனால் ஒரு சிறு உறைக்கே நல்ல விலை என்றாள். உறைமேல் எந்த ஊர் என்று போட்டிருக்கிறது என்றேன். எடுத்துப் பார்த்துச் சொன்னாள்: ஹவாய். அந்தத் தீவுகளில் விளையும் இலையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியே அமெரிக்கப் பெருநிலத்துக்கு அனுப்புகிறார்கள்.